பன்னிரண்டாம் கேள்வி: எல்லையோர ஊர்களில் அன்றும் இன்றும்

மத்திய அரசு வேலைக்குத் தேர்வான ஒருவர் நிரப்பித் தர வேண்டிய அட்டஸ்டேஷன் படிவத்தில் பன்னிரண்டாவதாக ஒரு கேள்வி உண்டு. எப்போதாவது கைது செய்யப்பட்டீர்களா, உங்கள்மீது வழக்குத் தொடரப்பட்டதா, காவலில் வைக்கப்பட்டீர்களா, நீதிமன்றம் அபராதம் விதித்ததா, தண்டனை தந்ததா, பல்கலைக்கழகமோ தேர்வாணையமோ உங்களைத் தேர்வெழுத விடாமல் விலக்கியதா என்று அது அடுக்கிக்கொண்டே போகும். ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை என்ற இரண்டில் ஒன்றைத்தான் எழுத முடியும். படிவத்தின் தலைமாட்டிலேயே எச்சரிக்கையும் உண்டு: பொய்த் தகவல் தந்தாலும் உண்மையை மறைத்தாலும் அரசுப் பணிக்குத் தகுதியற்றவர் ஆவீர்கள். காகிதத்தில் அச்சாகி வந்த பழைய படிவத்திலும் இன்று இணையத்தில் இறக்கிக்கொள்ளும் படிவத்திலும் இந்த வாசகங்கள் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கின்றன. ஆனால் கேட்கிறவருக்கு விடை முன்கூட்டியே எவ்வளவு தெரியும் என்பது அடியோடு மாறிவிட்டது.

நெய்யாற்றின்கரைத் தாலுகாவின் தெற்கோரத்தில், பாறசாலை, இஞ்சிவிளை, பனச்சமூடு, வெள்ளறடை, பொழியூர்ப் பக்கங்களில், இந்தக் கேள்விக்கு விடை எழுதுவது மற்ற ஊர்களைவிடக் கொஞ்சம் சிக்கலானது. வீடு ஒரு மாநிலத்தில் இருக்கும். சந்தையும் படிப்பும் பெண் எடுத்த இடமும் அடுத்த மாநிலத்தில் இருக்கும். பாறசாலையிலிருந்து களியக்காவிளைக்கு ஒரு மணி நேரத்துக்குள் நடந்துவிடலாம். 1956 நவம்பர் 1ஆம் தேதி வரை அது ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்குப் போவதுதான். அன்றைக்குத் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ஒரே அரசின் ஒரே போலீஸ் என்றிருந்தது இரண்டு அரசு, இரண்டு போலீஸ் என்றானது. ஊரின் குற்றப் புத்தகமும் இரண்டாகப் பிரிந்தது. களியக்காவிளைச் சந்தையில் அடிதடியில் மாட்டிக்கொண்ட பாறசாலைக்காரரின் கேஸ் குழித்துறை நீதிமன்றத்தில் நடந்து அங்கேயே முடிந்துபோகும். அவருடைய சொந்த ஸ்டேஷனின் பதிவேட்டில் அது ஏற வேண்டிய கட்டாயம் இல்லை.

அன்றைய விசாரணை கால்நடையாக வந்தது. படிவம் டெல்லியிலிருந்தோ தும்பா ராக்கெட் நிலையத்திலிருந்தோ மாவட்ட எஸ்.பி. அலுவலகத்துக்கு வரும். அங்கிருந்து ஸ்பெஷல் பிராஞ்சுக்கும் உள்ளூர் ஸ்டேஷனுக்கும் இறங்கும். கடைசியில் ஒரு ஏட்டு சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து சாயாக்கடை முன்னால் நிறுத்துவார். இன்னார் வீட்டுப் பையன் எப்படி, கட்சி ஏதும் உண்டா, ஸ்டேஷன் ஏறியிருக்கிறானா என்று கேட்பார். ஸ்டேஷன் புத்தகத்தில் இல்லாதது சாயாக்கடையில் இருக்கலாம். சாயாக்கடைக்குத் தெரிந்தாலும் அது வாய் திறக்காமல் இருக்கலாம். கல்லூரிக் காலத்தில் சமரத்தில் கல்லெறிந்த பையனைப் பற்றி, அவன் தங்கைக்கு வரன் பார்க்கிற நேரத்தில், ஊர் எதையும் சொல்லாது. ‘பாதகமாக ஒன்றும் இல்லை’ என்ற ஒற்றை வரியோடு காகிதம் மேலே போகும். படிவத்தில் அந்தப் பையன் எழுதிய ‘இல்லை’யும் ஊர் சொன்ன ‘இல்லை’யும் பொருந்திவிடும்.

இதை ஊரின் பெருந்தன்மை என்று மட்டும் சொன்னால் பாதி உண்மைதான். வேலித் தகராறு உள்ள பக்கத்து வீட்டுக்காரர் சொல்லும் ஒரு சொல்லில் ஒருவருடைய வேலை போகவும் கூடும். எந்தச் சாதி, எந்தக் கட்சி, ஏட்டுக்குக் கொடுத்தது என்ன என்பதெல்லாம் அந்த ஒற்றை வரிக்குள் ஒளிந்திருந்தன. சொந்தமாகச் சொல்ல ஆளில்லாதவருக்கு ஊர் மன்னிப்பும் கிடையாது. ஆகவே அந்தக் காலத்தின் மறதியில் கருணை இருந்தது. எல்லோருக்கும் சமமாக இருந்ததில்லை.

பழைய கேஸ் என்றால் இந்த மண்ணில் என்னவாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1938 ஆகஸ்ட் 31 அன்று நெய்யாற்றின்கரையில் துப்பாக்கிச் சூடு நடந்தது. பொறுப்பாட்சி கேட்டுப் போராடிய திருவிதாங்கூர் ஸ்டேட் காங்கிரஸின் தலைவர் என்.கே. பத்மநாப பிள்ளையைக் கைது செய்ததை எதிர்த்துக் கூடிய கூட்டத்தின் மீது சுட்டார்கள், உயிர்கள் போயின. திவான் சர் சி.பி. ராமசாமி ஐயரின் அரசுக்கு அந்தக் கூட்டத்தில் நின்றவர்கள் குற்றவாளிகள். அப்படி ஒரு கேஸ் உள்ளவருக்கு அந்தச் சமஸ்தானத்தின் உத்தியோகத்தை நினைத்துப் பார்க்கவும் முடியாது. முப்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1972இல், மத்திய அரசு விடுதலைப் போராட்ட வீரர்களுக்கு ஓய்வூதியம் அறிவித்தது. அதைப் பெறப் பொதுவாக ஆறு மாதமாவது சிறையில் இருந்திருக்க வேண்டும்; அதற்குச் சிறையின் சான்று வேண்டும். ஒரு தலைமுறை மறைத்த காகிதத்தைத் தேடி அதே ஆட்கள் பழைய ஜெயில் பதிவேடுகளுக்கு அலைந்தார்கள். கைது செய்யப்பட்டீர்களா என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்று எழுதி, அதை நிரூபிக்கவும் வேண்டியிருந்தது.

1954ஆம் ஆண்டின் கதை இன்னும் விசித்திரமானது. தெற்குத் தாலுகாக்களைத் தமிழகத்தோடு சேர்க்கக் கேட்டு மார்ஷல் நேசமணி தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டதில் பலர் மாண்டார்கள். பட்டம் தாணு பிள்ளையின் அரசு அது. சொந்தக் கட்சியின் பொதுச் செயலாளரான ராம் மனோகர் லோகியாவே அந்த அரசு விலக வேண்டும் என்று கேட்டார். அந்தப் போராட்டத்தின் கோரிக்கையில் நெய்யாற்றின்கரைத் தாலுகாவும் இருந்தது. இரண்டு ஆண்டுகளில் எல்லை விழுந்தபோது, தெற்கே இருந்தவர்களின் கேஸ் தியாகம் ஆனது. எல்லைக் காவலர் என்ற பெயரில் தமிழக அரசு மாத உதவித் தொகையே தருகிறது. எல்லைக்கு வடக்கே நின்றுபோன நெய்யாற்றின்கரைத் தமிழர் ஒருவர் அதே கூட்டத்தில் அதே கோஷத்தை எழுப்பியிருந்தால், அவருடைய கேஸ் அவர் யாரை எதிர்த்தாரோ அந்த அரசின் கையிலேயே தங்கியது. செய்த காரியம் ஒன்று. இஞ்சிவிளைக்குத் தெற்கே அதற்கு ஒரு விலை, வடக்கே வேறு விலை.

அரசியல் பழக்கத்தையே குற்றமாகக் கருதும் வழக்கம் அன்று நாடு முழுவதும் இருந்தது. 1957 ஏப்ரலில் கேரளம் கம்யூனிஸ்டுக் கட்சியைத் தேர்ந்தெடுத்து ஆட்சியில் அமர்த்தியது. அதே ஆண்டு டிசம்பரில், கம்யூனிஸ்டு நடவடிக்கைகளில் ஈடுபட்டார்கள் என்று தேசப் பாதுகாப்பு விதிகளின் கீழ் ரயில்வே ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பியதைப் பாலகோட்டையா வழக்கில் உச்ச நீதிமன்றம் சரியென்றது. திருவனந்தபுரத்தில் முதலமைச்சராக இருக்கத் தடையில்லாத கொள்கை, ரயில் நிலையத்தில் குமாஸ்தாவாக இருக்கத் தடையாக இருந்தது. கால் நூற்றாண்டு கழித்து, 1983இல், மத்தியப் பிரதேச ஆசிரியர் ஒருவரின் வழக்கில் நீதிபதி சின்னப்ப ரெட்டி எதிர்த்திசையில் பேசினார். முன்பு எந்தக் கட்சியில் இருந்தார் என்று போலீஸிடம் அறிக்கை வாங்கி அதை வைத்து ஒருவருடைய வேலையைப் பறிப்பதை நீதிமன்றம் ஏற்கவில்லை.

இந்தப் பக்கத்து வீடுகளில் அரசு வேலை என்றால் மூன்று கனவுகள்: மாநிலத் தேர்வாணையமான பி.எஸ்.சி.யின் அட்வைஸ் மெமோ, பட்டாளம், தும்பா. 1963 நவம்பர் 21 அன்று மீனவர் கிராமத்துத் தேவாலயத்தின் பக்கத்திலிருந்து முதல் ராக்கெட் கிளம்பிய தும்பா, விக்ரம் சாராபாய் விண்வெளி மையமாக வளர்ந்தபோது, விஞ்ஞானிகளுக்கு மட்டுமல்லாமல் குமாஸ்தாவுக்கும் டெக்னீஷியனுக்கும் டிரைவருக்கும் அங்கே இடம் வந்தது. பாதுகாப்பு அனுமதி என்பதை இந்த ஊர்கள் பெரும்பாலும் அந்த வாசலில்தான் பார்த்தன. நான் சொல்ல வந்த வழக்கும் அந்த வாசலில் நடந்ததுதான்.

டி.எஸ். வாசுதேவன் நாயர் என்பவருக்கு அந்த மையத்தில் கீழ்நிலை எழுத்தர் வேலை கிடைத்தது. நெருக்கடி நிலைக் காலத்தில், அதாவது 1975க்கும் 1977க்கும் இடையில், ஒருமுறை கோஷம் எழுப்பியதற்காக இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ் அவருக்குத் தண்டனை ஆகியிருந்தது. படிவத்தில் அதை அவர் சொல்லவில்லை. விஷயம் தெரிந்ததும் நியமனம் ரத்தானது. உயர் நீதிமன்றத்திலும் தோற்றார். 1988இல் உச்ச நீதிமன்றம் ஒரு சிறு உத்தரவில் அதைத் திருப்பியது. ஒருமுறை கோஷம் போட்டதைச் சொல்லாத ஒரே காரணத்துக்காக வேலையை மறுத்திருக்கக் கூடாது என்றது. வேறு தகுதிக் குறைவு இல்லையென்றால் நியமிக்கச் சொன்னது. கோஷம் எழுப்பிய காலத்துக்கும் தீர்ப்புக்கும் நடுவே பத்தாண்டுக்கு மேல் ஓடிவிட்டது. நெருக்கடி நிலையை எதிர்த்துச் சிறை போனவர்கள் அதற்குள் நாட்டை ஆண்டு முடித்து எதிர்க்கட்சி வரிசைக்கும் திரும்பிவிட்டார்கள். ஒரு எழுத்தர் மட்டும் கோர்ட் படியில் நின்றுகொண்டிருந்தார்.

அந்தச் சிறு உத்தரவு அதோடு மறைந்துவிடவில்லை. நடுவில் சட்டம் இறுகியது. 2003இல் கேந்திரிய வித்யாலயா உடற்பயிற்சி ஆசிரியர் ஒருவரின் வழக்கு வந்தது. நிலுவையில் இருந்த வழக்கை அவர் படிவத்தில் மறைத்திருந்தார். தான் இந்தி வழியில் படித்தவன், ஆங்கிலப் படிவம் சரியாகப் புரியவில்லை என்று வாதாடினார். பி.ஏ., பி.எட்., எம்.எட். பட்டங்கள் வைத்திருப்பவர் இப்படிச் சொல்வதை ஏற்க முடியாது என்று நீதிமன்றம் தள்ளிவிட்டது. 2011இல் காற்று மாறியது. டெல்லி போலீஸில் சேர விண்ணப்பித்த சந்தீப் குமார், இருபது வயதுச் சண்டை ஒன்றில் வந்து சமரசத்தில் முடிந்த கேஸை முதலில் சொல்லாமல் விட்டிருந்தார். நீதிபதி மார்க்கண்டேய கட்ஜு, இளவயதில் தவறுகள் நேரும், அதற்காக ஆயுள் முழுவதும் ஒருவரைக் குற்றவாளியாக முத்திரை குத்தக் கூடாது என்ற கருத்தோடு, நாவலொன்றில் ரொட்டி திருடிய ஜீன் வால்ஜீனின் கதையையும் தீர்ப்பில் எடுத்து வைத்தார். ஒரே நீதிமன்றம் எட்டு ஆண்டு இடைவெளியில் இரண்டு குரலில் பேசியது.

இரண்டையும் கோர்க்க மூன்று நீதிபதிகள் அமர்ந்தார்கள். 2016 ஜூலை 21 அன்று வந்த அவதார் சிங் தீர்ப்புதான் இன்றுவரை இந்த விஷயத்தின் அடிப்படை. படிவத்தில் எழுதுவது உண்மையாக இருக்க வேண்டும் என்பது அதன் முதல் விதி. மறைத்தாலும், மறைத்தது சிறிய விஷயமாக இருந்தால் நிர்வாகம் மன்னிக்கலாம் என்பது அதற்குள் வரும் தளர்வு. சிறிய விஷயத்துக்கு அந்தத் தீர்ப்பு தரும் எடுத்துக்காட்டு, இளவயதில் கோஷம் எழுப்பியது. தும்பா வாசலில் திருப்பி அனுப்பப்பட்ட எழுத்தரின் கோஷம்தான் அது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. தீர்ப்பும் அவர் வழக்கைப் பெயர் சொல்லி எடுத்துப் பேசுகிறது. ஒரு மாநிலத் தலைநகரின் எழுத்தர் வேலைக்காக நடந்த வழக்கு, காஷ்மீரிலிருந்து களியக்காவிளை வரை போலீஸுக்கும் துணை ராணுவத்துக்கும் விண்ணப்பிக்கும் ஒவ்வொரு இளைஞருக்கும் பொருந்தும் விதியாகிவிட்டது. இந்தத் தாலுகாவின் பக்கத்திலிருந்து நாடு பெற்றுக்கொண்ட நல்ல காரியங்களின் பட்டியலில் இதை யாரும் சேர்ப்பதில்லை. சேர்க்கலாம்.

அதே 2016இல் வேறு இரண்டு மாற்றங்களும் நடந்தன. மத்தியப் பணியாளர் துறை, போலீஸ் அறிக்கை வரும்வரை ஆளைக் காத்திருக்க வைக்க வேண்டாம், படிவத்தையும் சுய உறுதிமொழியையும் வாங்கிக்கொண்டு தற்காலிக நியமனம் தரலாம், விசாரணை பிறகு நடக்கட்டும் என்று வழிகாட்டியது. அன்று வார்த்தைக்கு முன் விசாரணை. இன்று விசாரணைக்கு முன் வார்த்தை. சொன்னது பொய்யென்றால் நியமனம் ரத்து, மேல்நடவடிக்கை வேறு. இரண்டாவது மாற்றம் செப்டம்பர் 7 அன்று வந்தது. உணர்வுநுட்பமான வழக்குகள் தவிர மற்ற எல்லா முதல் தகவல் அறிக்கைகளையும், பதிவான இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. குற்றம் சாட்டப்பட்டவர் தன்மீது என்ன வழக்கு என்று தெரியாமல் அலையக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் பிறந்த உத்தரவு அது. ஆனால் மன்னிக்கும் விதியும் மறக்க விடாத ஏற்பாடும் ஒரே ஆண்டில், ஏழு வார இடைவெளியில், ஒரே நீதிமன்றத்திலிருந்து கிளம்பின.

அதற்கும் முன்பே, 2009இல், குற்றங்களையும் குற்றவாளிகளையும் தொடரும் சி.சி.டி.என்.எஸ். என்ற கணினி வலைக்கு மத்திய அரசு ஒப்புதல் தந்திருந்தது. இன்று பாறசாலை ஸ்டேஷனும் களியக்காவிளை ஸ்டேஷனும் அந்த வலையில் இருக்கின்றன. நெய்யாற்றின்கரை நீதிமன்றத்து வழக்கானாலும் குழித்துறை நீதிமன்றத்து வழக்கானாலும் பதினாறு இலக்க எண்ணோடு இ-கோர்ட்ஸ் தளத்தில் கிடைக்கிறது. பெயரைத் தட்டியும் தேடலாம். எல்லைக் கல் அப்படியே இருக்கிறது. கோப்புகளுக்கு மட்டும் எல்லை இல்லாமல் போயிற்று. ஏட்டு வருவதும் முற்றிலும் நின்றுவிடவில்லை, ஆனால் அவர் சாயாக்கடையில் கேட்பது இப்போது ஒரு சடங்குக்காகத்தான். விடை கையிலுள்ள திரையில் முன்பே இருக்கிறது.

எல்லையோரத்தில் கேஸ் வருவதற்கான காரணங்களும் மாறியிருக்கின்றன. அன்று மாநிலம் எது என்று கேட்டதற்குக் கேஸ் வந்தது. பிறகு நெடுங்காலமாக அரிசிக்குக் கேஸ் வருகிறது: தமிழ்நாட்டு ரேஷன் அரிசியை மூட்டை கட்டி இந்தப் பக்கம் கடத்துவதும், 1955ஆம் ஆண்டின் அத்தியாவசியப் பொருள் சட்டத்தில் மாட்டிக்கொள்வதும் களியக்காவிளைக்குப் புதிதல்ல. இதில் மூட்டையின் உரிமையாளர் அரிதாகவே மாட்டுகிறார். கூலிக்கு பைக் ஓட்டிய பையன் மாட்டுகிறான். 2020இல் ஒரு புதுவகைக் கேஸ் வந்தது. பொதுமுடக்கத்தில் இஞ்சிவிளையும் களியக்காவிளையும் தடுப்பு வைத்து அடைபட்டபோது, தலைமுறை தலைமுறையாக மீனுக்கும் காய்கறிக்கும் போய்வந்த நடையே விதிமீறல் ஆனது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் தமிழக முதலமைச்சர் பழனிசாமி, பொதுமுடக்கத்தை மீறியதாகப் போடப்பட்ட சுமார் 10 லட்சம் வழக்குகள், சில கடுமையானவை நீங்கலாக, கைவிடப்படும் என்று அறிவித்தார். அதே மாதம் கேரள அமைச்சரவை, சபரிமலைப் போராட்டத்திலும் குடியுரிமைச் சட்ட எதிர்ப்பிலும் பதிவானவற்றுள் கடுமையற்ற வழக்குகளைத் திரும்பப் பெற முடிவு செய்தது.

வழக்கு போய்விட்டது என்று வீட்டில் நிம்மதியாக இருப்பார்கள். படிவமோ வழக்கு இருக்கிறதா என்று மட்டும் கேட்பதில்லை. எப்போதாவது இருந்ததா என்றும் கேட்கிறது. கைவிட்ட வழக்கும் ‘இருந்த’ வழக்குதான். ‘எல்லாம் முடிஞ்சு போச்சு, இல்லைன்னே எழுது’ என்று அப்பாவோ அக்கம்பக்கத்து அண்ணனோ சொல்வது அன்றைய அனுபவத்திலிருந்து வருகிறது. அவர்கள் காலத்தில் அது பெரும்பாலும் பலித்தது. இன்றைய பையனுக்கு அதே அறிவுரை ஆபத்து. பெட்டி கேஸில் நூறு ரூபாய் அபராதம் கட்டியவருக்கு அந்த நூறு ரூபாயால் வேலை போவது அபூர்வம். அதை இல்லையென்று எழுதியதால் போவது அபூர்வமே இல்லை.

மறைத்து வென்றவர்களும் இருக்கிறார்கள். உத்தரப் பிரதேசக் காவலர் தேர்வில், விடுதலையான ஒரு வழக்கைச் சொல்லாமல் விட்டவருக்கு 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் வேலையைத் திருப்பித் தந்தது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி கே.வி. விஸ்வநாதன். ஆனால் 2022 செப்டம்பரில் சி.ஆர்.பி.எஃப். வேலைக்காக வந்த சதீஷ் சந்திர யாதவ் வழக்கில், மறைத்தவர் தோற்றார். சிறியதா பெரியதா, தெரிந்து மறைத்தாரா தெரியாமல் விட்டாரா என்று ஒவ்வொன்றையும் எடைபோட்டுப் பல ஆண்டுகள் கழித்து விடை வரும். அதற்குள் வயது வரம்பு தாண்டிவிடும். உச்ச நீதிமன்றம் வரை போக எல்லோருக்கும் கை இருக்காது.

உண்மையை எழுதியவருக்கு எல்லாம் நல்லபடியாக முடியும் என்றும் சொல்வதற்கில்லை. முடிந்துபோன வழக்கை நேர்மையாகச் சொன்னாலும், அவரை எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யும் உரிமை நிர்வாகத்துக்கு உண்டு என்று அவதார் சிங் தீர்ப்பே சொல்கிறது. தமிழக போலீஸ் விதி இன்னும் கடுமை. சந்தேகத்தின் பலனைத் தந்து விடுவிக்கப்பட்டவரையும் வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே அது கருதுகிறது. 2008இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு அந்த விதி செல்லும் என்றது. நாகர்கோவில்காரரான விண்வெளி விஞ்ஞானி நம்பி நாராயணனை நினைத்துப் பாருங்கள். கிரையோஜெனிக் திட்டத்தில் இருந்தவர், 1994 நவம்பரில் உளவு வழக்கில் கைதானார். 1996இல் வழக்கே பொய் என்று சி.பி.ஐ. சொன்னது. 2018 செப்டம்பர் 14 அன்று உச்ச நீதிமன்றம் 50 லட்ச ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. எப்போதாவது கைது செய்யப்பட்டீர்களா என்ற கேள்விக்கு அவரும் ‘ஆம்’ என்றுதான் எழுத வேண்டும். குற்றம் செய்தீர்களா என்று அந்தப் படிவம் எங்கேயும் கேட்பதில்லை.

பிற நாடுகளில் காலமே சில கறைகளைக் கழுவுகிறது. பிரிட்டன் 1974இல் இயற்றிய சட்டத்தின்படி, சிறு தண்டனைகள் குறிப்பிட்ட ஆண்டுகள் கழிந்ததும் காலாவதியாகும். பொதுவான வேலைகளுக்கு அதைச் சொல்ல வேண்டியதில்லை, பாதுகாப்புப் பணிகள் போன்ற சிலவற்றுக்கு விலக்கு உண்டு. அமெரிக்காவில் பாதுகாப்பு அனுமதிக்கான நூறு பக்கத்துக்கு மேற்பட்ட படிவம், பல விஷயங்களில் கடைசி ஏழு ஆண்டுகளைத்தான் கேட்கிறது. நம் படிவத்துக்கு ‘எப்போதாவது’ என்பது பிறந்த நாளிலிருந்து தொடங்குகிறது. பதினெட்டு வயது நிரம்பாதவர்களுக்கு மட்டும் 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. பத்தொன்பது வயதுக்காரருக்கு அதுபோல் ஒன்றும் இல்லை.

மறதி அன்று இலவசமாகக் கிடைத்தது. இன்று அதற்கு ரிட் மனு போட வேண்டியிருக்கிறது. ஒரு வழக்கில் முழுமையாக விடுதலையான ஒருவர், இணையத்தில் கிடக்கும் தீர்ப்பிலிருந்து தன் பெயரை நீக்கச் சொல்லி மதுரை அமர்வுக்குப் போனார். 2021இல் தனி நீதிபதி, அதற்குச் சட்டம் வரட்டும் என்று மறுத்தார். 2024 பிப்ரவரியில் இரண்டு நீதிபதிகள் நீக்கச் சொன்னார்கள். அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்தி வைத்தது. அவர் பெயரை நானும் இங்கே எழுதாமல் விடுகிறேன்.

இரண்டு காலத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், சட்டம் முன்பைவிட நியாயமாகியிருக்கிறது என்றே சொல்வேன். கட்சியைக் கேட்டு வேலையைப் பறித்த காலம் போய், கோஷத்துக்கு மன்னிப்பு எழுத்தில் வந்திருக்கிறது. வேலித் தகராறுக்காரரின் சொல்லுக்கு இருந்த வலிமை குறைந்திருக்கிறது. வேலையை மறுத்தால் காரணத்தைக் கேட்டுக் கோர்ட்டுக்குப் போக வழி இருக்கிறது. போனது, ஒரு மனிதன் மாறிவிட்டான் என்று பக்கத்திலிருந்து பார்த்துச் சொல்லக்கூடிய சாட்சி. கணினி அவன் இருபது வயதில் செய்ததைச் சொல்லும். அடுத்த பதினைந்து ஆண்டுகள் அவன் எப்படி வாழ்ந்தான் என்று சொல்ல அதில் கட்டம் இல்லை. சாயாக்கடையில் அந்தக் கட்டம் இருந்தது, ஆளைப் பொறுத்துத்தான் என்றாலும்.

படிவம் கையில் வைத்திருக்கும் எல்லையோரத்துத் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. எதையும் எழுதுமுன் இரண்டு மாநிலத்து ஸ்டேஷன்களிலும், நெய்யாற்றின்கரை, குழித்துறை நீதிமன்றங்களிலும் உங்கள் பெயரில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். உங்களுக்கே தெரியாமல் குற்றப் பத்திரிகையில் பெயர் ஏறியிருக்கலாம். இருந்தால் ‘ஆம்’ என்று எழுதுங்கள். வழக்கு எண், பிரிவு, முடிந்த தேதி, முடிவு நான்கையும் குறிப்பிட்டு, தீர்ப்பின் சான்று நகலையும் இணையுங்கள். கொடுத்த பிறகு புதிதாகக் கேஸ் வந்தால் அதையும் உடனே தெரிவிக்க வேண்டும். படிவத்தின் எச்சரிக்கைகளில் அதுவும் ஒன்று, பலரும் படிக்காமல் கையெழுத்துப் போடுவது அதைத்தான்.